மூன்றாம் மாடிக்கு வெந்நீர்

படைமுகாமின் கட்டளை வரிசையை
நான் குழாய்களில்தான் கற்றேன்.
கொதிகலனிலிருந்து கிளம்பும் தடித்த குழாய்
மூன்றாம் மாடிக்கு, கர்னல் கிளாடிஷெவுக்கு.
அவர் விரலால் தொட்டு முகம் சுளித்தால்
இரண்டாம் மாடியில் ஒரு மேஜர் எழுந்து நிற்பார்,
முதல் மாடியில் கேப்டன் கத்துவார்,
சார்ஜென்ட் படியிறங்கி வந்து
என் கதவை உதைப்பார்.
நான் மண்வாரியை எடுப்பேன்.
பதினோரு குளிர்காலம் இப்படி.
எனக்குக் கீழே நிலக்கரி மட்டும்.

கிளம்பச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது என்றார்கள்.
யாரிடமிருந்து என்று யாரும் சொல்லவில்லை.
உத்தரவு போட்ட நாடு
டிசம்பரிலேயே வரைபடத்தை விட்டு இறங்கிவிட்டது.
முத்திரை மட்டும் பழையது.
மையும் பழையதுதான், தண்ணீர் ஊற்றி நீட்டியது.

முதலில் டாங்கிகள் போயின,
கித்தான் போர்த்தி, ரயிலில், வடக்கே.
பிறகு கர்னல். பிறகு அவருடைய பியானோ.
பிறகு பியானோவைத் தூக்கிய எட்டுப் பேர்.
மேஜர்கள் வாரத்துக்கு ஒருவராக.
பெயர்ப்பலகையைக் கழற்றினால்
கதவில் நான்கு ஆணித்துளை.
கர்னலுக்கும் நான்கு, கணக்கருக்கும் நான்கு.

தலை இருக்க வால் ஆடக்கூடாது என்பார்கள்.
இங்கே தலை பைக்கால் ஏரியைத் தாண்டிவிட்டது.
வால் ஆடியது.
டீசல் விற்றது, ஜன்னல் சட்டம் விற்றது,
பல் பிடுங்கும் நாற்காலியை
இரண்டு ஆட்டுக்கும் ஒரு பெட்டி வோட்காவுக்கும் விற்றது.
பொய் எதற்கு, நானும் வாங்கினேன்,
ஒரு குளியல் தொட்டி.
இப்போது அதில் ஒட்டகங்கள் தண்ணீர் குடிக்கின்றன.

மிச்சத்துக்குப் பொறுப்பு வாரண்ட் ஆபீசர் சொசூல்யா.
பொல்டாவாக்காரர்.
தூங்கி எழுந்ததில் வேறு நாட்டுக்காரர் ஆகியிருந்தார்.
தன்னை எந்தப் படையின் பதிவேட்டில் எழுதுவது என்று கேட்க
நான்கு நாள் தொலைபேசியைச் சுழற்றினார்.
கடைசியில் ஒரு பெண் எடுத்தாளாம்:
இது இப்போது சோபா விற்கும் கடை.
சிரித்தபடி என் அடுப்பருகே வந்து உட்கார்ந்தார்.
விலை கேட்டீர்களா என்றேன்.
கேட்டேன் நொரோவ், கட்டுப்படியாகவில்லை என்றார்.
மறுநாள் அவரும் இல்லை.

செப்டம்பரில் முதல் பனி விழுந்த அன்று
மெலிஸ் வந்தான்.
ஓஷ் பக்கத்துப் பையன், காது இரண்டும் நீலம்.
காலி ஆயுதக்கிடங்குக்கு இரண்டு நாளாகக் காவல் நின்றிருக்கிறான்.
நிறுத்தியவர்தான் விடுவிக்க வேண்டும்,
அதுதான் சட்டம்.
நிறுத்தியவர் செவ்வாய்க்கிழமை ரயிலில் போய்விட்டார்.
அவன் கையில் ஒரு பயணச்சீட்டுத் தாள்,
அதன் அடியில் ஒரு கட்டம்:
பொறுப்பு அதிகாரி, கையொப்பம்.

யாருமே இல்லையா, அண்ணா?
குழாயைத் தட்டிக் காட்டினேன்.
மேலே மூன்று மாடியும்
வெறும் பாத்திரம் போல் பதில் சொன்னது.

எழுதினேன். நொரோவ். கொதிகலன்.
கட்டைவிரலின் கரியும் ஒட்டிக்கொண்டது,
முத்திரைக்கு அது போதும் என்றான்.
விறைத்து நின்று சல்யூட் அடித்தான்.
என் வலக்கையில் மண்வாரி.
இடக்கையால் திருப்பி அடிக்கலாமா என்று
நான் யோசித்து முடிப்பதற்குள்
சரக்கு ரயிலை நோக்கி ஓடிவிட்டான்.

அடுப்பை அணை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.
அக்டோபர் பாதிவரை எரித்தேன்.
பிறகு நிலக்கரி தீர்ந்தது. சம்பளம் அதற்கு முன்பே தீர்ந்திருந்தது.

நவம்பரில் குழாய்கள் வெடித்தன.
முதலில் மூன்றாம் மாடி, கர்னல் அறை.
ஒரு வாரம் கழித்து மேஜர்கள்.
பிறகு கேப்டன்.
வரிசை பிசகவே இல்லை.
சார்ஜென்ட் இறங்கி வரும் அதே படிகளில்
பனிக்கட்டி ஒவ்வொன்றாய் இறங்கி
என் கதவுக்கு வந்தது.
உதைக்கவில்லை.
அடியிடுக்கு வழியே
மெல்ல உள்ளே நுழைந்தது.